கழுவிக் கொட்டிய சோடா

துறைத் தலைவருக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கம் இது:

1. திங்கட்கிழமை காலை, உமரிச் செடியை எரித்து எடுத்த சாம்பலை மூன்று முறை தண்ணீரில் கழுவினேன். சாம்பலை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டினேன்.
2. காய்ந்த சாம்பலோடு அரைத்த ஆற்று மணலைக் கலந்து பீங்கான் குரூசிபிளில் இட்டேன்.
3. செவ்வாய்க்கிழமை, மின் உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தோம். உருகவில்லை.
4. புதன்கிழமை, துறை அனுமதித்த உச்ச அளவான ஆயிரம் டிகிரியில் வைத்தோம். உருகவில்லை.
5. வியாழக்கிழமை பகல் 12.45 மணிக்கு, ஆய்வகப் பணியாளர் சாப்பிடப் போகும்போது உலை அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.
6. ஒரு மணிக்கு உலையை ஆயிரத்து நூற்று ஐம்பது டிகிரிக்கு வைத்தேன். வைத்தது நான் மட்டுமே. என் திட்டத் தோழி அறையில் இல்லை.
7. 2.15 மணிக்கு உலைக்குள் சத்தம் கேட்டது. வெப்பக் கம்பி அறுந்திருந்தது.
8. ஆய்வகப் பணியாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, இரண்டாயிரத்து ஏழில், கொடுத்த கடிதம். கொடுப்பதற்கு முன் கல்லூரி வாசலில் இருந்த கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். எட்டு வரியிலும் பொய் கிடையாது. நேரங்கள்கூடச் சரியானவை, கைக்கடிகாரத்தைப் பார்த்து அப்போதைக்கப்போது குறிப்பேட்டில் எழுதியவை. கடிதத்தில் ‘ஆய்வகப் பணியாளர்’ என்று வருபவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தார். அந்த மாதம்தான் அவர் பெயர் முதல் முறையாக நிரந்தரப் பட்டியலுக்குப் போயிருந்தது. உலை கெட்டுப்போனதற்கான பழி அவர்மேல் விழுந்து, அந்தப் பெயர் நீக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

கல்லூரி முடிச்சூர் சாலையில், வயலாக இருந்து மனைகளாகப் பிரிந்த ஒரு இடத்தில் இருந்தது. திட்டத் தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மை வந்தது. எனக்கும் என் தோழிக்கும் வந்த சீட்டில் ‘பண்டைய எகிப்தியக் கண்ணாடிக் கலங்கள்: செய்முறையும் வேதியியல் சேர்க்கையும்’ என்று இருந்தது.

தோழி பல்லாவரத்துக்காரி. அவள் அத்தா, அதாவது அப்பா, அங்கே ஜன்னல் கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருந்தார்.

“அத்தா கடையில உடைஞ்சது ஒரு மூட்டை கிடக்குடீ. உருக்கி ஊத்தி ஈஜிப்ட்டுனு எழுதிக் குடுத்துடலாம். யாரு போய்ப் பார்க்கப் போறா?”

துறைத் தலைவர் காதில் அது விழுந்திருக்க வேண்டும். “மணல்லேர்ந்து ஆரம்பிக்கணும். செடியை எரிச்சு சாம்பல் எடுக்கணும். ஷெல்ஃப்ல இருக்கிற சோடா பாட்டிலைத் தொடக் கூடாது” என்றார்.

நூலகத்தில் கிடைத்த ஒரே பெரிய புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத கருநீலக் கலம். உடம்பு முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாக இறகு போன்ற அலைக் கோடுகள். வாசனைத் தைலமோ கண்மையோ வைக்கும் கலம் என்று எழுதியிருந்தது. அது ஊதிச் செய்ததல்ல. ஊதிச் செய்யும் வித்தை உலகத்துக்கு வர அதற்குப் பிறகு ஆயிரம் வருடத்துக்கும் மேல் ஆயிற்று. ஓர் உலோகக் கம்பியின் நுனியில் களிமண்ணையும் சாணத்தையும் பிசைந்து, கலத்தின் உள்வடிவத்தில் ஒரு கரு பிடிப்பார்கள். அதன்மேல் இளகிய கண்ணாடியை இழையாகச் சுற்றுவார்கள். வேறு நிறத்தில் மெல்லிய இழைகளைச் சுற்றி, ஊசியால் மேலும் கீழுமாக இழுத்தால் அலை வரும். தட்டையான கல்லில் உருட்டிச் சமமாக்கி, மெதுவாக ஆறவிட்டு, கடைசியில் உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். முழுவதும் எடுக்க வராது. மூவாயிரம் வருடத்துக் கலங்களுக்குள் அந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேதியியலை நான் குறிப்பேட்டில் இப்படி எழுதி வைத்திருந்தேன். மணல் தனியாக உருக ஆயிரத்து எழுநூறு டிகிரி வேண்டும். அந்தக் காலத்து அடுப்பில் அது நடக்காது. சோடா (சலவைச் சோடாதான்) சேர்த்தால் உருகும் வெப்பம் பல நூறு டிகிரி இறங்கும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் இருந்தால் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும்; அதைத் தாங்க வைப்பது சுண்ணாம்பு. எகிப்தியர்கள் சோடாவை உப்பு நிலத்துச் செடிகளின் சாம்பலிலிருந்து எடுத்தார்கள். அந்தச் சாம்பலோடு சுண்ணாம்பும் வரும், மெக்னீசியாவும் பொட்டாஷும் கொஞ்சம் வரும். கண்ணாடியைப் பகுத்துப் பார்க்கும்போது கடைசி இரண்டும் கூடுதலாக இருந்தால், அது செடிச் சாம்பலில் பிறந்தது. பிற்காலத்தில் ஏரிப் படிவிலிருந்து கிடைத்த சோடாவைப் பயன்படுத்திய கண்ணாடியில் அவை குறைவாக இருக்கும். நீலத்துக்குச் செம்பு அல்லது கோபால்ட். மஞ்சளுக்கு ஈயமும் ஆன்டிமனியும். வெள்ளைக்குச் சுண்ணாம்பும் ஆன்டிமனியும்.

உப்பு நிலத்துச் செடிக்கு எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா தொட்டியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் அம்மா இன்னும் அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

“உப்புல வளர்ற செடின்னா உமரி தானே? அது எங்க அம்மா வூட்டாண்ட காவாக்கரை பூரா கீது. நாங்க கடஞ்சி துன்னுவோம். அத்த வெச்சினு கண்ணாடியா பண்ணப் போறீங்க?”

“ஆமாக்கா. எகிப்துல அப்படித்தான் பண்ணினாங்களாம்.”

“அவனுங்களுக்கு மீன் கெடைக்கல போல, பாவம். கீரைய எரிச்சிகினு இருந்திருக்கானுங்க.”

அடுத்த திங்கட்கிழமை இரண்டு சாக்கு நிறைய உமரி வந்தது. அவர் தம்பி பிடுங்கிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். விரலால் நசுக்கினால் உப்புத் தண்ணீர் கசியும் தடித்த சின்ன இலைகள். விடுதி மாடியில் இரண்டு வாரம் காயவைத்து, பாதியாக வெட்டிய தகர டிரம்மில் எரித்தோம். ஒரு சாக்குச் செடியின் சாம்பல் ஒரு ஜாம் பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது. இன்னொரு சாக்கு எரிக்காமல் மாடியிலேயே இருந்தது. அது பிறகு உதவியது.

சாம்பலில் மணலும் கரிந்த காம்பும் கலந்திருந்தன. கழுவினேன். ஏன் என்று அன்று எனக்கே நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அரிசியோ கீரையோ பருப்போ, எதுவாக இருந்தாலும் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்துதான் அடுப்புக்குப் போகும். கல்லூரியிலும் வீழ்படிவைக் கழுவிக் கழுவித்தான் எடை போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாம்பலைக் கண்டதும் இரண்டு பழக்கமும் சேர்ந்துகொண்டன. அரிசியைப் போலவே கையால் அலசி, மேலே மிதந்த கரியோடு தண்ணீரை வடித்தேன்.

முதல் தண்ணீர் விரலில் வழுக்கியது. அதைக்கூடக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்: ‘கை வழுக்குகிறது.’ எழுதிவிட்டு அதைக் கொட்டினேன். இரண்டாவது தண்ணீரைக் கொட்டப் போகும்போது அக்கா விரலை விட்டுப் பார்த்தார்.

“இன்னா இது, சவுக்காரத் தண்ணி மாதிரி கீது. கொட்டாத, குடு. குடுவைக்கு ஊத்திப் பாக்கறேன்.”

ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கு பிடித்திருந்த குடுவைகள் அன்று பளபளவென்று வந்தன. “சோப்பே வாணாம்மா, இதுவே போதும்” என்றார். நான் சிரித்தேன். அமிலமும் காரமும் பற்றி ஐந்து வருடம் படித்து, பரீட்சை எழுதி, மதிப்பெண் வாங்கியவள் நான். கண்ணாடிக்கு வேண்டிய சோடா முழுவதும் அந்த வாளியிலும் சாக்கடையிலும் இருக்கிறது, என் கையில் இருப்பது சுண்ணாம்புச் சக்கை என்பது எனக்கு உறைக்கவில்லை.

சோடா இல்லாத கலவை எப்படி உருகும்? செவ்வாய்க்கிழமை குரூசிபிள் கிண்ணத்தில் பொடி பொடியாகவே இருந்தது. புதன்கிழமை கொஞ்சம் இறுகிச் சாம்பல் நிறக் கட்டியானது.

“கண்ணாடி கேட்டா நீ சிமென்ட் பண்ணி வச்சிருக்கே” என்றாள் தோழி. “உங்க வீட்டு மொட்டை மாடிக்குப் பூசிக்கலாம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெப்பம் போதவில்லை என்று முடிவு செய்தேன். உலையின் தகட்டில் ஆயிரத்து இருநூறு என்று அச்சிட்டிருந்தது. கம்பி பழசாகிவிட்டதால் ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்று துறையில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். உலை ஓடும்போது பணியாளர் அறையைவிட்டுப் போகக் கூடாது, போனால் அணைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போக வேண்டும் என்பதும் அதே காகிதத்தில் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் அக்கா சாப்பாட்டுப் பையோடு வந்தார். மற்றப் பணியாளர்களோடு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அவர் போய்விட்டால் எனக்கு ஒன்றரை மணி நேரம் வீணாகும்.

“அக்கா, சாவியக் குடுத்துட்டுப் போங்களேன். நான் பார்த்துக்கறேன்.”

கொஞ்சம் யோசித்தார். “ஆருனா வந்தா, அக்கா இப்பத்தான் பாத்ரூம் போச்சுன்னு சொல்லு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது ஆறாவது, ஏழாவது வரிகளில் இருக்கிறது.

கம்பி அறுந்த சத்தம் சின்னதுதான், பல்பு ஃப்யூஸ் ஆவது போல. அக்கா சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த உலையை நம்பி இன்னும் நான்கு பேரின் திட்டங்கள் இருந்தன. அரை மணி நேரத்தில் துறைத் தலைவர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து நின்றார்.

“நான்தான் சார் வெச்சேன். நம்பரு தப்பா அமுக்கிட்டேன்.”

துறைத் தலைவர் அதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குத் தமிழ் படிக்க வரும், கோர்வையாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினாள். இரண்டே வரி. அக்கா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நான் எட்டு வரியை எழுதிக்கொண்டு வந்தேன். தோழி படித்துப் பார்த்தாள்.

“அக்காகிட்ட காட்டினியா?”

“உண்மையைச் சொல்றதுக்கு யாரைக் கேக்கணும்?”

“கேக்கணும்னுதான் எனக்குத் தோணுது. நீ பாட்டுக்கு மணி நிமிஷமெல்லாம் போட்டு எழுதியிருக்கே.”

“அப்பதான் நம்புவாங்க.”

துறைத் தலைவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து ஐந்தாவது வரிக்குக் கீழே கோடு போட்டார்.

“நம்பர் தப்பா அமுக்கறது யாருக்கும் நடக்கும்மா. ஒரு மெமோ குடுத்து முடிச்சிடலாம்னு இருந்தேன். மேனேஜ்மென்ட்டுக்கு அனுப்பக்கூட வேண்டியதில்ல. ஆனா சாவியை ஸ்டூடன்ட்கிட்ட குடுத்துட்டுப் போறது வேற. அதை மறைச்சு எழுதிக் குடுத்தது இன்னும் வேற.”

“சார், அவங்க மேல தப்பில்லன்னு எட்டாவதுல எழுதியிருக்கேன்.”

“எட்டாவது உன்னோட அபிப்பிராயம். அஞ்சாவது நடந்த விஷயம்.”

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். தரமாட்டேன் என்றார். அவர் கெட்டவர் அல்ல. கையில் எழுத்தாக வந்துவிட்ட ஒன்றை அவரால் வராததாக வைக்க முடியவில்லை. அன்று மாலையே இரண்டு கடிதங்களும் ஒன்றாகப் பின் குத்தி அலுவலகத்துக்குப் போயின.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். தொட்டியில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். குழாயை மூடினார்.

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“உங்களக் காப்பாத்தணும்னுதான்கா…”

“நான் என்னக் காப்பாத்திகினு இருந்தேன் கண்ணு. நீ குறுக்க வந்துட்ட.”

அதுவரை அவர் என் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன். எனக்காகச் செய்த தியாகம், அதை நான் ஏற்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் எழுதினேன். அப்படியில்லை. சாவி கொடுத்தது பெரிய தப்பு, எண்ணைத் தவறாக அழுத்துவது சின்னத் தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரியதை மறைக்கச் சின்னதை எடுத்துக்கொண்டார். அது அவருடைய கணக்கு, சரியான கணக்கு. அதில் நானும் தப்பித்தேன் என்பது கூடுதலாக நடந்தது. இரண்டையும் நான் கலைத்துவிட்டேன்.

“மறுபடி ஜூன்ல போயி நிக்கணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தற்காலிகப் பணியாளர்களை ஒவ்வொரு மே மாதமும் நிறுத்திவிடுவார்கள். ஜூனில் அலுவலக வாசலில் போய் நின்று, மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். ஆறு ஜூன் அப்படி நின்றிருக்கிறார். இந்த வருடம் அப்படி நிற்க வேண்டியிருக்காது என்று தன் அம்மாவிடம் அவர் சொல்லியிருந்ததாகத் தோழி பிறகு சொன்னாள்.

உலைக்குப் புதுக் கம்பி போட இரண்டு வாரம் ஆனது. அந்த நாட்களில் ஒரு நாள், தொட்டிக்கு அடியில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் வாளியை நகர்த்தினேன். தண்ணீர் வற்றி, விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் போலப் படிந்திருந்தது. கொஞ்சம் சுரண்டி நீர்த்த அமிலத்தில் போட்டேன். நுரைத்துப் பொங்கியது. சுடரில் காட்டினேன், அடர் மஞ்சளாக எரிந்தது. சோடா. கழுவாமல் இருந்திருந்தால் புதன்கிழமையே உருகியிருக்கும். வியாழக்கிழமைக்கும் சாவிக்கும் வேலையே இருந்திருக்காது.

மாடியில் இருந்த இரண்டாவது சாக்கை எரித்தோம். கழுவவில்லை. கரியை மட்டும் சல்லடையில் சலித்து, மணலோடு கலந்து, நிறத்துக்கு ஒரு சிட்டிகை செப்பு ஆக்சைடு போட்டோம். முதலில் தொள்ளாயிரத்தில் ஒரு முறை வெந்து கட்டியானதும், அதை இடித்து மறுபடி ஆயிரத்தில் வைத்தோம். குரூசிபிளுக்குள் பசுநீலமாக, குமிழிகளோடு, தேன் போல ஒன்று கிடந்தது. தோழி கத்திவிட்டாள். நான் வெப்பத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன்.

களிமண்ணும் சாணமும் பிசைந்து இரும்புக் கம்பியில் கரு பிடித்தோம். எரிவாயுச் சுடரில் கண்ணாடியை இளக்கி இழையாகச் சுற்றினோம். முதல் இரண்டு ஆறும்போதே வெடித்தன. மூன்றாவதை உலைக்குள் ஐந்நூறு டிகிரியில் வைத்து ஒரு நாள் முழுக்க மெதுவாக ஆறவிட்டோம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு கலம் நின்றது. கோணலாக இருந்தது. ஈயத்தையும் ஆன்டிமனியையும் தொட வேண்டாம் என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டதால் அலைக் கோடுகள் இல்லை. வெளி ஆய்வகம் ஒன்றில் ஒரு துண்டைப் பகுத்துப் பார்த்தோம். மெக்னீசியாவும் பொட்டாஷும் செடிச் சாம்பல் கண்ணாடியில் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. எங்கள் ஆற்று மணலால் அலுமினா மட்டும் எகிப்தியக் கண்ணாடியைவிட அதிகம்.

நிரந்தரப் பட்டியல் ஏப்ரல் மாதம் அறிவிப்புப் பலகையில் வந்தது. அக்கா பெயர் இல்லை. அன்றுதான் நாங்கள் அவரிடம் கலத்தைக் காட்டினோம். முன்பே காட்டியிருக்கலாம், எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“உமரி இவ்ளோ அழகா வருமா?” என்றார். பிறகு, “எங்க அம்மாவுக்குக் காட்டணும், ஒரு நாளு குடுக்கறியா?” என்று கேட்டார். கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து, பஞ்சில் சுற்றித் திருப்பித் தந்தார்.

படிப்பு முடிந்த பிறகு நிர்வாகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இந்த முறை எழுதுவதற்கு முன் அக்காவிடம் கேட்டேன். “எழுது, ஆனா என்னப் பத்தி ஒண்ணும் புதுசா எழுதாத” என்றார். சாவியைக் கேட்டு வாங்கியது நான் என்ற ஒன்றை மட்டும் எழுதினேன். ஐந்தாவது வரியில் அது விடுபட்டிருந்தது. அவர் கொடுத்தார் என்று எழுதியிருந்தேனே தவிர, நான் கேட்டேன் என்று எழுதவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. நான் பெருங்குடியில் ஒரு சோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தோழி பல்லாவரத்தில் அத்தா கடையைக் கவனித்துக்கொள்கிறாள். அந்தக் கல்லூரியில் சென்ற வருடத்திலிருந்து உதவிப் பணியாளர்கள் எல்லோரையும் ஒப்பந்த நிறுவனம் மூலமாகத்தான் எடுக்கிறார்கள். நிரந்தரப் பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. அக்கா அதே ஆய்வகத்தில் ஒப்பந்தப் பணியாளராக இருக்கிறார். ஜூன் மாதம் அலுவலக வாசலில் நிற்பதற்குப் பதில் இப்போது ஒப்பந்தக்காரரின் வாசலில் நிற்கிறார்.